துகள்களால் பாறையை உடைக்கும்போது: துகளின் அளவு மாறினால் வலிமை ஏன் மாறுகிறது?

புதிதாக வாசிப்பவர்களுக்கும் புரியட்டும் என்பதற்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 54 மி.மீ. விட்டமுள்ள கிரானைட் வில்லையை நிமிர்த்தி வைத்து மேலும் கீழும் அழுத்தி நடுவில் பிளக்கவைக்கும் பிரேசிலியன் சோதனையை, ஒன்றோடொன்று ஒட்டவைத்த வட்டத் துகள்களால் ஆன மாதிரியில் ஓட்டிப் பார்க்கிறீர்கள். அமுக்க வலிமை ஆய்வக எண்ணோடு ஒத்துப்போகும்படி பிணைப்புகளைப் பொருத்தினால், இழுவிசை வலிமை நாலு மடங்குக்கு மேல் கூடுதலாக வருகிறது. சரி, துகளைச் சின்னதாக்கிப் பார்ப்போம் என்று பாதியாக்கினால் அந்த எண்ணும் இறங்கிவிடுகிறது, எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை. ஆனால் விரிசலின் படம் மட்டும் ஆய்வகப் புகைப்படத்தை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருக்கிறது. கணினிக் கோடில் பிழையா, இல்லை பெரிடைனமிக்ஸ் என்ற வேறு கணக்கு முறைக்கு மாறிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

கோடில் பிழை இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் பார்ப்பது இந்த முறையின் இயல்பு. துகள் மாதிரியில் துகளின் அளவு நம் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கும் எண் இல்லை, யங் குணகத்தை (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்) போல அதுவும் பொருளின் குணங்களில் ஒன்றாக உள்ளே நுழைந்துவிடுகிறது. மெஷ், அதாவது பொருளைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலை, வைத்துக் கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இது ஏற்கக் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அங்கே மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க விடை ஒரு எண்ணில் போய் நிற்க வேண்டும் என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். விரிசல் வந்துவிட்டால் அந்தப் பழக்கம் இங்கே செல்லாது.

ஏன் என்று பார்க்க நூறு வருஷம் பின்னால் போக வேண்டும். 1913இல் இங்லிஸ் என்ற பொறியாளர், தகட்டில் நீள்வட்டத் துளை இருந்தால் அதன் முனையில் தகைவு (ஒரு பரப்பளவுக்கு வரும் விசை) எவ்வளவு ஏறும் என்று கணக்கிட்டார். முனை கூராகக் கூராகத் தகைவு ஏறிக்கொண்டே போகிறது, முழுக் கூரான விரிசலுக்கு முடிவிலி. அப்படியானால் விரிசல் உள்ள எந்தப் பொருளும் சும்மா தொட்டாலே உடைய வேண்டும், உடைவதில்லை. 1921இல் கிரிஃபித் இதற்கு விடை சொன்னார்: முனையில் தகைவு எவ்வளவு என்று கேட்காதீர்கள், விரிசல் ஒரு சதுர மீட்டர் வளர எவ்வளவு ஆற்றல் செலவாகும், அந்த ஆற்றலைச் சுற்றியிருக்கும் பொருள் கொடுக்கத் தயாராக இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணாடிக் குழாய்களிலும் குமிழ்களிலும் கீறல் போட்டு உடைத்துப் பார்த்தார், உடையும் தகைவையும் விரிசல் நீளத்தின் வர்க்கமூலத்தையும் பெருக்கினால் ஏறக்குறைய மாறாத எண் வந்தது. ஆக, முறிவு என்பது இரண்டு எண்களின் விஷயம். ஒன்று வலிமை, அதாவது விரிசலே இல்லாத இடத்தில் பொருள் எத்தனை மெகாபாஸ்கலில் விட்டுக்கொடுக்கும் என்பது. இன்னொன்று முறிவு ஆற்றல், அல்லது அதையே வேறு வடிவில் சொல்லும் ஃப்ராக்சர் டஃப்னஸ். இந்த இரண்டையும் வகுத்து வர்க்கப்படுத்திப் பார்த்தால் அதிலிருந்து ஒரு நீளம் வெளியே வரும். எல்லாச் சிக்கலும் அந்த நீளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது உங்கள் துகள் மாதிரிக்கு வாருங்கள். ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு வலிமை கொடுத்திருக்கிறீர்கள், அதைத் தாண்டினால் பிணைப்பு அறுந்துவிடும். முறிவு ஆற்றலை நீங்கள் எங்கேயும் கொடுக்கவில்லை. கொடுக்காததை மாதிரி தானே உண்டாக்கிக்கொள்கிறது. விரிசல் முனையில் இருக்கும் கடைசிப் பிணைப்பு எவ்வளவு விசை தாங்கும் என்பது துகளின் ஆரத்தைப் பொறுத்தது, ஏனென்றால் முனையைச் சுற்றிக் குவியும் தகைவை அந்தப் பிணைப்பு ஒரு துகள் அகலத்துக்குச் சராசரியாக்கித்தான் உணர்கிறது. போட்யாண்டியும் கண்டாலும் 2004இல் பிணைந்த துகள் மாதிரி பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது தெளிவாக இருக்கிறது: பிணைப்பின் இழுவிசை வலிமை மாறாமல் இருந்தால், டஃப்னஸ் துகள் ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். ஆரத்தைப் பாதியாக்கினால் டஃப்னஸ் சுமார் 1.4இல் ஒரு பங்காகக் குறையும். அமுக்க வலிமை பெரிதாக அசையாது, யங் குணகமும் அசையாது, ஆனால் பிரேசிலியன் வலிமை, அதாவது அந்தச் சோதனையில் கிடைக்கும் இழுவிசை வலிமை, துகள் சிறுக்கச் சிறுக்க இறங்கும். உங்களுக்கு வந்ததும் இதேதான். இந்த முறையை உருவாக்கியவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள், ஆனாலும் துகளைச் சின்னதாக்கினால் துல்லியம் கூடும் என்று எழுதும் கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டேதான் இருக்கின்றன என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

எண்ணை வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். கனடாவின் மானிடோபாவில் கிடைக்கும் லாக் டு பொனெட் கிரானைட், இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் பாறை. அமுக்க வலிமை சுமார் 200 மெகாபாஸ்கல், பிரேசிலியன் வலிமை 9.3, யங் குணகம் 69 ஜிகாபாஸ்கல். உங்கள் 54 மி.மீ. வில்லை 27 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால் சுமார் 21 கிலோநியூட்டனில், அதாவது இரண்டு டன் சுமைக்குச் சற்று மேலே, பிளக்க வேண்டும். கிரானைட்டுக்கு டஃப்னஸ் 1.5 மெகாபாஸ்கல்-ரூட் மீட்டர் என்று எடுத்தால், அதை இழுவிசை வலிமையால் வகுத்து, வர்க்கப்படுத்தி, பையால் (3.14) வகுத்தால் கிடைக்கும் நீளம் ஏறக்குறைய 8 மி.மீ. இந்தப் பாறையின் குருணைகளே (கனிமத் துணுக்குகள்) சராசரியாக 3 முதல் 4 மி.மீ. இருக்கும், ஆக இந்த நீளம் குருணையின் அளவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வலிமையும் டஃப்னஸும் ஒரே நேரத்தில் சரியாக வர வேண்டுமென்றால் துகளின் ஆரம் கிட்டத்தட்ட அந்த 8 மி.மீ. அருகே இருக்க வேண்டும் என்று அர்த்தம். 54 மி.மீ. வில்லையில் அந்த அளவுத் துகள் குறுக்கே மூன்றுதான் அடங்கும்! மூன்று துகளை வைத்து எந்தச் சோதனையும் செய்ய முடியாது. அதனால் துகளைச் சின்னதாக வைக்கிறோம், டஃப்னஸைக் காப்பாற்ற வலிமை தானே மேலே ஏறிவிடுகிறது, அல்லது வலிமையைக் காப்பாற்ற டஃப்னஸ் கீழே போய்விடுகிறது. வெறும் உடனே அறுந்துவிடும் பிணைப்பை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க வழியே இல்லை.

இதிலிருந்து வெளியே வர உருப்படியான வழி, பிணைப்பு பட்டென்று அறுந்துவிடாமல், உச்சம் தொட்டபின் மெதுவாகத் தளரும்படி விதியை மாற்றுவது. அப்போது ஒரு பிணைப்புக்கு வலிமை ஒரு எண், அது அறுந்து முடிய எடுக்கும் ஆற்றல் இன்னொரு எண் என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். துகள், அந்தத் தளர்ச்சி நடக்கும் பகுதியைவிட நன்றாகச் சிறியதாக இருக்கும்வரை விடை துகளளவைப் பொறுத்து ஓடாது. கான்கிரீட்டுக்கு இது அருமையாக வேலை செய்யும், அதில் அந்தப் பகுதி பல சென்டிமீட்டர் நீளம். கிரானைட்டில் அது குறுகியது, அதனால் துகளை மிகப் பொடியாக வைக்க வேண்டியிருக்கும், கம்ப்யூட்டர் நேரம் கூடும். இன்னொரு வழி, துகளே குருணைதான் என்று ஒப்புக்கொண்டு, பாறையின் உண்மையான குருணை அளவை வைத்துவிட்டு அதற்குப் பிறகு அதைத் தொடாமல் இருப்பது. பாறைக்கு இதுதான் பௌதிக ரீதியாக நியாயமானது என்று நான் நினைக்கிறேன்.

சரி, நாலு மடங்கு விவகாரம். இது துகளளவுப் பிரச்சினை மட்டும் இல்லை, துகளின் வடிவமும் சேர்ந்தது. கோலிகுண்டுகளைக் குவித்துப் பாருங்கள், சரிந்து ஓடும். அதே அளவு கருங்கல் ஜல்லியைக் குவித்தால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். உங்கள் வட்டத் துகள்கள் கோலிகுண்டுகள். பிணைப்பு அறுந்த அடுத்த கணமே அவை உருண்டுவிடுகின்றன, கவ்விப்பிடித்து அமுக்கத்தைத் தாங்க ஆள் இல்லை. உண்மையான பாறையில் நூற்றுக்கணக்கான நுண்விரிசல் வந்த பிறகும் குருணைகள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டிருப்பதால் 200 மெகாபாஸ்கல் வரை தாங்குகிறது. உருளும் துகளில் அந்தப் பூட்டு இல்லாததால், 200ஐ எட்ட வேண்டுமென்றால் பிணைப்பு வலிமையை அநியாயத்துக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது, ஏற்றினால் இழுவிசை வலிமையும் கூடவே ஏறிவிடுகிறது. 2004 கட்டுரையின் இரு பரிமாண மாதிரியிலேயே அமுக்க வலிமை 199 என்று கச்சிதமாக வந்தபோது பிரேசிலியன் வலிமை 45ஐ ஒட்டி வந்தது. உங்கள் எண்ணும் அதே வட்டாரத்தில் இருக்கிறது என்றால் நீங்கள் அவர்கள் செய்ததைச் சரியாகத்தான் திரும்பச் செய்திருக்கிறீர்கள்.

இதைச் சரிசெய்யப் பலர் பல வழியில் முயன்றிருக்கிறார்கள். 2007இல் சோ, மார்ட்டின், செகோ மூவரும் துகள்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து ஒழுங்கற்ற வடிவமாக்கினார்கள். போட்யாண்டி பின்னால் தட்டை இணைப்பு மாதிரியைக் கொண்டுவந்தார். அதில் இரண்டு துகள்களுக்கு நடுவே ஒரு தட்டையான முகம் இருக்கும், பிணைப்பு அறுந்தாலும் அந்த முகம் இருந்துகொண்டே இருப்பதால் துகள் உருள முடியாது, முகத்தின் ஒரு பகுதி மட்டும் விரிசல் விடவும் செய்யும். 2013இல் ஷோல்டெஸும் டோன்ஸேயும் வேறு வழி பிடித்தார்கள்: தொட்டுக்கொண்டிருக்கும் துகள்களை மட்டும் பிணைக்காமல், சற்றுத் தள்ளி இருப்பவற்றையும் பிணைத்துவிட்டால் ஒரு துகளுக்குப் பிணைப்புகள் கூடும், பூட்டு தானாக வந்துவிடும். நீங்கள் யேட் என்ற துகள் மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இது கையிலேயே இருக்கிறது, ஒரு எண்ணை மாற்றினால் போதும். பி.எஃப்.சி. என்ற மென்பொருள் என்றால் தட்டை இணைப்புக்குப் போங்கள். இரண்டிலுமே அமுக்க, இழுவிசை விகிதம் இருபது பக்கம் கொண்டுவர முடியும்.

இந்த விகிதம் வெறும் ஆய்வக விளையாட்டு இல்லை என்பதற்கு அதே கிரானைட் ஒரு பாடம் வைத்திருக்கிறது. மானிடோபாவில் பினாவா ஊருக்குப் பக்கத்தில் கனடா அணுசக்தி நிறுவனம் நிலத்தடி ஆய்வகம் ஒன்று நடத்தியது, அணுக்கழிவைப் பாறைக்குள் புதைக்கலாமா என்று பார்ப்பதற்காக. அங்கே 420 மீட்டர் ஆழத்தில் 3.5 மீட்டர் விட்டத்தில் வட்டமான சோதனைச் சுரங்கம் ஒன்றைத் தோண்டினார்கள், வெடி வைக்காமல், துளைபோட்டு இயந்திரத்தால் உடைத்து, ஏனென்றால் வெடியால் வரும் சேதம் கணக்கில் கலந்துவிடக் கூடாது. அந்த ஆழத்தில் பாறைக்குள் இருந்த பெரிய தகைவு சுமார் 60 மெகாபாஸ்கல், சின்னது 11. வட்டத் துளையின் சுவரில் அதிகபட்சத் தகைவு, பெரியதின் மூன்று மடங்கிலிருந்து சின்னதைக் கழித்தால் வருவது: 169. பாறையின் அமுக்க வலிமை 200, அதனால் உடையக் கூடாது. ஆனால் கூரையிலும் தரையிலும் பாறை செதில் செதிலாகக் கழன்று, வி வடிவத்தில் பள்ளம் விழுந்தது. ஒரே அடியில் இல்லை, தோண்டும் முகம் முன்னேற முன்னேற, மெல்லிய தகடுகளாக உரிந்து உரிந்து. சுவருக்கு இணையாகத் திறக்கும் இழுவிசை நுண்விரிசல்கள்தான் அதற்குக் காரணம், அவை தொடங்குவதற்கு 200 மெகாபாஸ்கல் தேவையே இல்லை. இழுவிசையில் நாலு மடங்கு வலுவான மாதிரி இந்தச் சுரங்கத்தை முழுசாக, பத்திரமாகக் காட்டும். துளையைச் சுற்றித் துகள் மாதிரி, வெளியே தொடர்ம மாதிரி (பொருளை இடைவெளியில்லாத ஒன்றாகக் கருதுவது) என்று பிணைத்துச் செய்த கணக்குகளிலும், பிணைப்பு வலிமையைக் குறைத்த பிறகுதான் அந்தப் பள்ளம் உருவானது. யாரோ ஒருவர் நாளைக்கு உங்கள் மாதிரியை வைத்துச் சுரங்கத்தின் தாங்கிக்கு அளவு முடிவு செய்யலாம், அதை நினைத்துப் பொருத்துங்கள்.

அடுத்து பெரிடைனமிக்ஸ். சில்லிங் என்ற ஆய்வாளர் 2000இல் கொண்டுவந்தது. இதில் துகள் என்பது குருணை இல்லை, ஒரு தொடர்மத்தின் சமன்பாட்டைக் கணக்கிடும் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஹொரைசன் என்ற ஒரு தூரத்துக்குள் இருக்கும் அத்தனை புள்ளிகளோடும் விசை பரிமாறிக்கொள்ளும். வழக்கமான சமன்பாடுகளில் இடப்பெயர்ச்சியை வகையிட வேண்டும், விரிசலில் அது உடைந்துபோகும். இங்கே வகையிடலே இல்லை, தொகையிடல்தான், அதனால் விரிசல் வந்தாலும் சமன்பாடு அப்படியே நிற்கும். அழகான யோசனை. இதில் உங்களுக்குப் பெரிய ஆறுதல் என்னவென்றால், பிணைப்பு எவ்வளவு நீண்டால் அறுக்க வேண்டும் என்பதை முறிவு ஆற்றலிலிருந்தே நேரடியாகக் கணக்கிடும் சூத்திரம் இருக்கிறது. முப்பரிமாணத்தில், ஆற்றலை ஐந்தால் பெருக்கி, பருமக் குணகம் (எல்லாப் பக்கமும் அழுத்தினால் பொருள் காட்டும் விறைப்பு), ஹொரைசன், ஒன்பது என்ற எண் ஆகிய மூன்றையும் பெருக்கி வருவதால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வருவதுதான் அறுபடும் நீட்சி.

போட்டுப் பார்ப்போம். கண்ணாடி, யங் குணகம் 72 ஜிகாபாஸ்கல், முறிவு ஆற்றல் சதுர மீட்டருக்கு 135 ஜூல். புள்ளிகளை இரண்டிரண்டாகப் பிணைக்கும் பிணைப்பு வகைப் பெரிடைனமிக்ஸில் பாய்சான் விகிதம் (ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் எவ்வளவு சுருங்கும் என்பது) கால் என்று பூட்டப்பட்டிருக்கும், அதனால் பருமக் குணகம் 48. ஹொரைசன் 3 மி.மீ. என்றால் அறுபடும் நீட்சி 0.00072. ஹொரைசனை 1.5 மி.மீ. ஆக்கினால் 0.00102. நீட்சி மாறுகிறது பாருங்கள், மாற வேண்டும், அப்போதுதான் ஆற்றல் 135ஆகவே நிற்கும். புள்ளிகளை நெருக்கிவிட்டு நீட்சியை 0.00072 என்றே விட்டுவிட்டால் உங்கள் கண்ணாடியின் முறிவு ஆற்றல் பாதியாகிவிடும், விரிசல் வேகமாக ஓடும், கிளைவிடாத இடத்தில் கிளைவிடும், படம் இன்னும் அழகாக இருக்கும்! ஆக, துகளளவுப் பிரச்சினை இங்கே தீர்ந்துவிடவில்லை. டஃப்னஸைப் பூட்டிவைத்தால் வலிமை ஹொரைசனோடு நகர்கிறது, அவ்வளவுதான். முன்பே விரிசல் போட்ட மாதிரியில் இது பிரச்சினையே இல்லை, ஆற்றல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். உங்கள் வில்லையில் முன்விரிசல் இல்லை, வலிமைதான் தொடக்கத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் மாறினாலும் ஹொரைசனை அந்த 8 மி.மீ.யோடு சம்பந்தப்படுத்தித்தான் ஆக வேண்டும்.

பாய்சான் விகிதம் கால் என்று பூட்டப்படுவதைச் சொன்னேன், இது சில்லிங் செய்த தவறு இல்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அவற்றை இணைக்கும் கோட்டிலேயே செயல்படும் மையவிசை மட்டும் இருந்தால் எந்த ஒரேசீரான பொருளும் கால் என்றுதான் வரும். 1820களில் நவியே மூலக்கூறுகளை வைத்து மீட்சிக் கோட்பாடு எழுதியபோதே இது வந்துவிட்டது, அந்த நூற்றாண்டு முழுக்க அதைப் பற்றிச் சண்டை நடந்தது. 2007இல் வந்த நிலை வகைப் பெரிடைனமிக்ஸில் இந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. கிரானைட்டுக்கு 0.26, அதனால் பழைய வகையே போதும். ரப்பர் என்றால் போதாது.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.பி.எச்., அதாவது பொருளை மெஷ் இல்லாமல் நகரும் துகள்களாகக் கணக்கிடும் முறை, 1977இல் நட்சத்திரங்களுக்காகப் பிறந்தது, திடப்பொருளுக்கு 1990களில் வந்தது. இதில் இழுவிசை வந்தால் துகள்கள் தாமாகவே சிறு சிறு கும்பலாகச் சேர்ந்து நடுவில் இடைவெளி விடும், பார்த்தால் விரிசல் மாதிரியே இருக்கும், ஆனால் அது கணக்கின் நோய். 1995இல் ஸ்வேகிலும் கூட்டாளிகளும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். தொடக்க நிலையிலேயே அண்டைத் துகள்களை நிர்ணயித்துவிடும் வகையைப் பயன்படுத்தினால் இந்த நோய் வராது. அந்தத் திருத்தம் இல்லாத எஸ்.பி.எச். விரிசலை நம்பாதீர்கள். சிறுகோள் மோதல் மாதிரி எல்லாம் தூள்தூளாகும் வேலைக்கு, குறைகளைப் புள்ளியியல்படி தூவி, சேத விதியோடு சேர்த்து இதை ஓட்டுகிறார்கள், நன்றாக வருகிறது. எம்.பி.எம்., அதாவது துகள்களையும் பின்னணிக் கட்டத்தையும் சேர்த்து வைக்கும் முறை, பனிச்சரிவு, மண் சரிவு போலப் பெரிதாக ஓடும் பொருட்களுக்கு நல்லது. அதிலும் துகள்கள் ஒரு கட்டத்துக்கு மேல் விலகிவிட்டால் காரணமே இல்லாமல் பொருள் அறுந்துவிடும். அணுக்களையே துகளாக வைக்கும் மூலக்கூறு இயக்கவியலில் துகளளவு இயற்கையே கொடுத்தது, நாம் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஆனால் ஒரு கன மில்லிமீட்டர் சிலிக்கானில் ஐந்துக்குப் பின்னால் 19 சுழியம் போட்ட அளவு அணுக்கள். வில்லையை மறந்துவிடலாம்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் எண்களை இதுவும் கெடுத்துக்கொண்டிருக்கலாம்: வேகமும் டேம்பிங்கும் (அதிர்வை அடக்கும் எண்). கிரானைட்டில் அழுத்த அலை விநாடிக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடும், துகள் 1 மி.மீ. என்றால் டைம் ஸ்டெப் 0.1 மைக்ரோ விநாடியை ஒட்டித்தான் இருக்க முடியும். ஆய்வகத்தில் வில்லை அரை நிமிடத்தில் உடைகிறது என்றால் 30 கோடி ஸ்டெப். யாரும் ஓட்டுவதில்லை. அழுத்தும் தட்டை விநாடிக்கு 0.1 மீட்டர் என்று நகர்த்துகிறோம், அலை வில்லைக்குள் மேலும் கீழும் பலமுறை போய்வர நேரம் இருப்பதால் அது பரவாயில்லை. பரவாயில்லையா என்று ஊகிக்க வேண்டாம், வேகத்தைப் பாதியாக்கி ஒருமுறை ஓட்டுங்கள், உச்சச் சுமை அசையவில்லை என்றால் போதும். டேம்பிங் 0.7 என்ற மதிப்பு மெதுவான சோதனைக்காகவே வைப்பது. அதே கோப்பை எடுத்து மோதலுக்கோ விரிசல் வேகம் அளக்கவோ பயன்படுத்தினால், அலைகளையெல்லாம் அது தின்றுவிடும், விரிசல் முனைக்குப் போய்ச்சேர வேண்டிய ஆற்றலும் சேர்ந்து போய்விடும். வேகமான முறிவுக்கு டேம்பிங் சுழியம், அல்லது சுழியத்துக்கு மிக அருகில்.

விரிசல் வேகம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடியில் மெதுவாக வளரும் விரிசலுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 8 ஜூல் போதும். மேலே நான் போட்ட 135, வேகமாக ஓடிக் கிளைவிடும் விரிசலுக்கான கணக்குகளில் வழங்கும் எண். இரண்டும் ஒரே கண்ணாடிதான். வேகமாக ஓடும் விரிசலின் பரப்பு கரடுமுரடாகிறது, பின்னால் நூற்றுக்கணக்கான குட்டி விரிசல்களை விட்டுக்கொண்டே போகிறது, அதனால் ஆற்றல் பல மடங்கு செலவாகிறது; விநாடிக்கு 1500 மீட்டர் பக்கம் வேகம் முட்டி நின்றுவிடுகிறது, கோட்பாடு உச்ச வரம்பாகச் சொல்லும் ராலே அலை (பரப்பை ஒட்டி ஓடும் அலை) வேகத்தில் அது ஏறக்குறைய பாதிதான். மாதிரியின் துகள் அந்தக் குட்டி விரிசல்களைக் காட்டும் அளவுக்குப் பொடியாக இல்லாததால், அவற்றின் செலவையும் சேர்த்துப் பெரிய எண்ணாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அட்டவணையிலிருந்து ஒரு எண்ணை எடுக்கும்போது அது எந்த வேகத்தில் அளந்தது என்று கட்டாயம் பாருங்கள்.

படம் ஒத்துப்போகிறது என்றீர்களே, அதற்கு வருகிறேன். பிரேசிலியன் சோதனையில் விரிசல் நடுவில் நேராகத்தான் வரும், எந்த முறையில் செய்தாலும் வரும், சமச்சீர் அப்படி. அதனால் அந்த ஒற்றுமைக்கு மதிப்பு மிகக் குறைவு. பார்க்க வேண்டியது கடைசிப் படத்தை இல்லை, முதலில் அறுந்த பிணைப்புகளை. அறுந்த நேரத்தோடு பிணைப்புகளைப் பதிவு செய்து, முதல் ஐம்பதை மட்டும் வரைந்து பாருங்கள். அவை வில்லையின் நடுவில், நடுக்கோட்டை ஒட்டி இருந்தால் சோதனை செல்லும். தட்டு தொடும் இடத்தில் கும்பலாக இருந்தால், அங்கே பாறை நொறுங்கி அந்த ஆப்பு வில்லையைப் பிளந்திருக்கிறது, அப்போது நீங்கள் சூத்திரத்தில் போட்டு எடுக்கும் இழுவிசை வலிமைக்கு அர்த்தமே இல்லை. ஆய்வகத்திலும் இதே பிரச்சினை உண்டு, அதனால்தான் வளைந்த தட்டுகள் வைக்கிறார்கள். மாதிரியிலும் சுமையைச் சில துகள்கள் மேல் இல்லாமல் பத்து டிகிரி வில்லுக்குப் பரப்பிக் கொடுங்கள்.

ஒழுங்கான சதுரக் கட்டத்தில் துகள் அடுக்கியிருந்தால் இன்னொரு ஆபத்து, விரிசல் கட்டத்தின் கோட்டிலேயே ஓட ஆசைப்படும். கட்டத்தை 30 டிகிரி திருப்பிவிட்டு அதே சோதனையை ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒழுங்கற்ற பேக்கிங் (துகள் அடுக்கு) என்றால் இந்தப் பிரச்சினை குறையும், ஆனால் ஒவ்வொரு பேக்கிங்குக்கும் விடை வேறுபடும், அதனால் ஒரே ஒரு ஓட்டத்தை வைத்து வலிமை இவ்வளவு என்று எழுத முடியாது. பத்துப் பேக்கிங்காவது ஓட்டிச் சராசரியும் பரவலும் சொல்ல வேண்டும். உண்மைப் பாறையே 9.3க்கு மேலும் கீழும் ஆடும்.

முறை நம்பத்தக்கதா என்று உறுதியாகப் பார்க்க விரும்பினால், சமச்சீர் உதவாத சோதனை ஒன்றை எடுங்கள். கால்தாஃப், விங்க்லர் இருவரும் 1980களில் செய்தது: வலுவான எஃகுத் தகட்டில் இணையாக இரண்டு வெட்டுகள், நடுப்பகுதியில் ஒரு உருளை விநாடிக்குச் சுமார் 32 மீட்டரில் மோதுகிறது, விரிசல் வெட்டின் திசையிலிருந்து 70 டிகிரி திரும்பி ஓடுகிறது. திசையை யாரும் மாதிரிக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. பெரிடைனமிக்ஸ் இதில் 68 டிகிரி பக்கம் கொடுத்தது, அதனால்தான் அந்த முறைக்கு மரியாதை வந்தது. மோதும் வேகத்தை இன்னும் கூட்டினால் எஃகில் விரிசல் வராமல் நறுக்குப் பட்டை (பொருள் ஒரு குறுகிய பட்டையில் வழுக்கி உருமாறுவது) வந்துவிடும், அது வேறு பௌதிகம், அதைத் துகள் பிணைப்பு அறுப்பதால் மட்டும் பிடிக்க முடியாது.

இனி உங்கள் வில்லைக்கு. மாற வேண்டாம், இருக்கும் கோடிலேயே இருங்கள். வட்டப் பிணைப்பை விட்டுவிட்டுத் தட்டை இணைப்புக்கோ, கூடுதல் தூரப் பிணைப்புக்கோ போங்கள். துகளைப் பாறையின் குருணையை ஒட்டி நிர்ணயித்து, வில்லை போதாது என்றால் பெரிய வில்லையாக எடுங்கள். அல்லது தளரும் பிணைப்பை வைத்துத் துகளைப் பொடியாக்குங்கள். பொருத்தும் வரிசையையும் திருப்புங்கள்: முதலில் யங் குணகமும் பாய்சான் விகிதமும், அடுத்து நேரடி இழுவிசை வலிமை, அப்புறம் முன்விரிசல் போட்ட வளைவுச் சோதனையில் டஃப்னஸ், கடைசியில் அமுக்க வலிமையைப் பொருத்தாமல் சும்மா ஓட்டிப் பாருங்கள். அது 200க்குப் பக்கத்தில் தானாக வந்தால் மாதிரி சரியான காரணத்துக்காக உடைகிறது. 100இல் நின்றுவிட்டால் பிணைப்பு வலிமையை ஏற்றாதீர்கள், துகள்களின் பூட்டை, அதாவது ஒரு துகளுக்கு எத்தனை பிணைப்பு என்பதைக் கூட்டுங்கள். அறிக்கையில் வலிமைக்குப் பக்கத்திலேயே துகளின் ஆரத்தையும் போட்டுவிடுங்கள், அந்த எண் இல்லாமல் வேறு யாராலும் உங்கள் மாதிரியைத் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியாது.